பன்னிரண்டு வயது லாரியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? பீனியா – கோயம்புத்தூர் தடத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சங்ககிரிப் பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, முப்பது ஆண்டுகளாகப் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் ஒரு லாரி உரிமையாளருக்கு 2024 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். நான் அவருடைய வருமான வரிக் கணக்கைப் பார்ப்பவன். முடிவுகள் அவருடையவை, அவற்றுக்கு அடிப்படையாக இருந்த கணக்குகள் பெரும்பாலும் என்னுடையவை, அவற்றில் இருந்த பிழையும் என்னுடையதே.

அவரிடம் இருந்தது ஒரே வண்டி: ஆறு சக்கரம், 16.2 டன் மொத்த எடை, பி.எஸ்.-3 (பாரத் ஸ்டேஜ் எனும் புகைக் கட்டுப்பாட்டு விதியின் மூன்றாம் நிலை) டீசல் இன்ஜின். 2013 மார்ச்சில் துமகூருவில் முதற்பதிவான அதை அவர் 2015-இல் இரண்டாம் கையாக வாங்கினார். கடன் 2019-இல் தீர்ந்தது. பெங்களூருவின் தொழிற்பேட்டையான பீனியாவில் உள்ள ஒரு டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துக்கு வண்டி ஓடியது. போகும்போது இயந்திர உதிரிபாகங்கள், திரும்பும்போது கோவை ஃபவுண்டரிகளின் வார்ப்புகள். நைஸ் ரோடு வழியாக வெளியேறி, அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம் வழியே போய்த் திரும்ப ஒரு நடைக்கு 780 கிலோமீட்டர். மாதம் எட்டு நடை. தருமபுரிக்காரரான ஒரே ஓட்டுநர் ஒன்பது ஆண்டுகளாக அந்த வண்டியில் இருந்தார்.

2024 அக்டோபர்: பட்டறையில் எழுந்த கேள்வி

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது பிரீத்தர் குழாயில் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) புகை கூடியிருப்பதை மேஸ்திரி கவனித்தார். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அதே வாயின்மேல் வைத்தார். மூடி இரண்டு முறை துள்ளிவிட்டுக் கீழே விழுந்தது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது என்பதற்கு அதைவிட எளிய சோதனை இல்லை. இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையில் ஆறு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருந்ததையும் ஓட்டுநர் அப்போதுதான் சொன்னார். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை, பம்பும் இன்ஜெக்டரும் சேர்த்து 2,60,000 ரூபாய், பதினெட்டு நாள் என்று மேஸ்திரி மதிப்பிட்டார்.

உரிமையாளருக்கு அதைச் செய்துவிடும் எண்ணமே இருந்தது. “இன்ஜினைச் செஞ்சுட்டா இன்னும் நாலு வருசத்துக்குக் கவலையில்லீங்க தம்பி” என்று சொல்லி, அந்தத் தொகைக்குத் தனிநபர் கடன் கிடைக்குமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார். ஓட்டுநரின் கவலையோ இன்ஜினைப் பற்றியதாக இல்லை. “ஏத்தத்துல மெதுவா போனா போகுதுண்ணே. தொப்பூர் இறக்கத்துல தேர்ட் கியர்ல புடிச்சாலும் வண்டி தள்ளுது” என்றார். அந்த வண்டியில் எக்சாஸ்ட் பிரேக் (புகைப்போக்கை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) பல மாதங்களாக வேலை செய்யவில்லை. கனரக வண்டிகளில் பிற்பாடு கட்டாயமாக்கப்பட்ட ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அதில் இல்லவே இல்லை. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலான அந்தக் கணவாய் இறக்கத்தில் நடந்த விபத்துகளை அறிந்த எவரும் அவர் பேச்சை ஒதுக்க முடியாது.

கடன் விண்ணப்பத்தை நிறுத்திவைத்து, முதலில் வண்டியின் நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

2024 நவம்பர்: நோட்டில் எழுதாமல் விட்ட நாட்கள்

ஓட்டுநர் 160 பக்கக் கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு நடைக்கும் தேதி, டீசல், சுங்கம், படி, கைச்செலவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் கிரீஸ் படிந்த நான்கு நோட்டுகள். 2022 நவம்பர் முதல் 2024 அக்டோபர் வரை இருபத்து நான்கு மாதக் கணக்கை எடுத்தோம்.

ஒரு நடைக்கு இருவழி வாடகை 31,500 ரூபாய். டேங்கை நிரப்பி மறுபடி நிரப்பும் கணக்கில் மைலேஜ் லிட்டருக்கு 4.8 கிலோமீட்டர், அன்றைய பெங்களூரு விலையான 88.94 ரூபாயில் டீசலுக்கு 14,450 ரூபாய். சுங்கம் ஏறத்தாழ 4,000, ஓட்டுநருக்கு 3,500, கமிஷனும் ஏற்றுக்கூலிச் சில்லறையும் 1,200. கையில் நின்றது 8,350 ரூபாய். எட்டு நடைக்கு 66,800. அதிலிருந்து டயர், ஆயில், இன்சூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று) என மாதம் 20,500 ரூபாய் போனது. மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டுமே, 12 முதல் 20 டன் வரையிலான சரக்கு வண்டிக்கு, ஜி.எஸ்.டி. நீங்கலாக ஆண்டுக்கு 35,313 ரூபாய். பழுதுச் செலவு இரண்டு ஆண்டில் 4,12,000, அதாவது மாதம் 17,000-க்குச் சற்று மேல். எல்லாம் போக உரிமையாளருக்கு மிஞ்சியது மாதம் சுமார் 29,100 ரூபாய்.

பழுதுச் செலவு அவருக்குத் தெரிந்ததுதான். பில்களை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். அவர் எண்ணாதது நோட்டில் வெறுமையாகக் கிடந்த தேதிகளை. பொங்கல், தீபாவளி போன்றவற்றைக் கழித்த பிறகும் இருபத்து நான்கு மாதத்தில் 71 நாட்கள் வண்டி நின்றிருந்தது. கிளட்ச் பிளேட்டுக்கு மூன்று நாள், கிரவுன் பினியனுக்கு ஒன்பது நாள், ஸ்பிரிங் பட்டை உடைந்து ஓமலூரில் இரண்டு நாள், சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் விரிசலை வெல்டு வைக்க நான்கு நாள். மாதத்துக்கு மூன்று நாள் என்றால் ஏறக்குறைய ஒரு நடை. எந்தப் பில்லிலும் ஏறாத 8,350 ரூபாய் அது.

2024 டிசம்பர்: பர்மிட்

பழைய ஆவணங்களை வரிசைப்படுத்தும்போதுதான் இவ்வளவு நேரமும் நாங்கள் பேசியது இரண்டாம் நிலைப் பிரச்சினை என்பது தெரிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 88-ஆம் விதி, மல்டி ஆக்சில் (இரண்டுக்கு மேற்பட்ட ஆக்சில்) அல்லாத சரக்கு வண்டிக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் நேஷனல் பர்மிட் (என்.பி., வெளிமாநிலங்களிலும் ஓட்டுவதற்கான அனுமதி) கிடையாது என்கிறது. மல்டி ஆக்சிலுக்குப் பதினைந்து. இந்த வண்டி இரண்டு ஆக்சில் மட்டுமே உடையது. பன்னிரண்டு ஆண்டு 2025 மார்ச் 13-ஆம் தேதி நிறைவடைய இருந்தது. ஆண்டுதோறும் 16,500 ரூபாய் கட்டி அங்கீகாரத்தைப் புதுப்பித்தபடியே வந்ததால், அது எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று உரிமையாளர் நினைத்திருந்தார். புதுப்பித்துக் கொடுத்த ஏஜென்டுக்கு விதி தெரியும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பர்மிட் போனால் மாநில எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டி ஓட முடியாது. இன்ஜினைச் செய்திருந்தால், அந்த 2,60,000 ரூபாய் கோயம்புத்தூர் போக முடியாத வண்டிக்குள் போயிருக்கும். ஒவ்வொரு நடைக்கும் தற்காலிக பர்மிட் எடுத்து ஓட்டலாம் என்ற யோசனையும் வந்தது. மாதம் எட்டு முறை அதற்காக அலைவது நடக்கிற காரியமில்லை என்று கைவிட்டோம்.

2025 ஜனவரி: மூன்று வழிகள்

முதல் வழி, பழைய வண்டியைக் கர்நாடகத்துக்குள் மட்டும் ஓட்டுவது. பீனியாவிலிருந்து பொம்மசந்திரா, பிடதி போன்ற இடங்களுக்கு உள்ளூர் லோடு கிடைக்கும். நெரிசல் நேரத்தில் நகருக்குள் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பதால், வண்டி ஓடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகமாகிவிடும்.

இரண்டாவது, புதிய வண்டி. ஷோரூமில் சேஸிஸ் விலை 28 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட 25 லட்சம். பாடி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்த்து 30 லட்சம். 25 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டியில் அறுபது தவணை, மாதம் 53,118 ரூபாய். விற்பனைப் பிரதிநிதி மூன்று நன்மைகளைச் சொன்னார்; மூன்றும் பொதுவாக உண்மையே, இவருக்குப் பொருந்தவில்லை. 2018-இல் உயர்த்தப்பட்ட ஆக்சில் எடை வரம்பின்படி 18.5 டன் வண்டி கூடுதலாக இரண்டு டன் ஏற்றும். ஆனால் இவருக்கு வாடகை நடைக் கணக்கில் வந்ததே தவிர டன் கணக்கில் வரவில்லை, கம்பெனியிடம் ஒரு நாளைக்கு இருந்த சரக்கே ஒன்பதரை டன்தான். தேய்மானத்தால் வருமான வரி குறையும் என்றார், இவரோ அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏ.இ. பிரிவில், அதாவது சிறு லாரி உரிமையாளர்களுக்கான உத்தேச வருமான முறையில், கணக்குக் கொடுத்தவர். அதில் கனரக வண்டியின் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானமாகக் கொள்ளப்பட்டது, தேய்மானம் தனியாகக் கிடையாது. வண்டி பெரிதானால் கருதப்படும் வருமானம்தான் கூடும். வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம் என்பதும் வண்டியை டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துக்கு வாடகைக்கு விடும், பதிவு பெறாத தனிநபருக்கு இல்லை.

மூன்றாவது, இரண்டாம் கை பி.எஸ்.-6 வண்டி. சங்ககிரியில் உறவினர் ஒருவர் மூலம் 2021 ஆகஸ்டில் பதிவான அதே வகை வண்டி, பாடியுடன் 16,50,000 ரூபாய்க்கு வந்தது. 11 லட்சம் கடன், 13 சதவீதம், நாற்பத்தெட்டுத் தவணை, மாதம் 29,510 ரூபாய்.

பி.எஸ்.-6 வண்டியில் மைலேஜ் 5.9 வரும் என்று கொண்டேன். புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசலான டி.இ.எஃப். டீசலில் 5 சதவீத அளவு செலவாகும், அதைக் கழித்தும் நடைக்கு 2,300 ரூபாய் மிச்சம், மாதம் 18,400. நிற்கும் நாட்கள் நீங்கினால் ஒரு நடை கூடும். பழுதுச் செலவு புதிய வண்டியில் மாதம் 12,000-உம், இரண்டாம் கை பி.எஸ்.-6-இல் 9,000-உம் குறையும் என்று வைத்தேன். தவணையும் முழு இன்சூரன்ஸின் கூடுதல் பிரீமியமும் போக, புதிய வண்டியில் உரிமையாளருக்கு மாதம் 11,400 ரூபாய் மிஞ்சும். 2021 வண்டியில் 33,500.

2025 பிப்ரவரி: முடிவு

மூன்றாவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. தவணை கட்டத் தேவையான நடைகள் கம்பெனியின் கையில் இருக்கின்றன, உரிமையாளரின் கையில் இல்லை. ஆறு நடையாகக் குறைந்தாலும் 29,510 ரூபாயைக் கட்டிவிடலாம், 53,118 ரூபாயைக் கட்ட முடியாது என்பதே முக்கியக் காரணம். தொப்பூர் இறக்கம் அடுத்த காரணம். பணக்கணக்கு எப்படி வந்திருந்தாலும் அந்த ஒன்றுக்காகவே பழைய வண்டியைக் கணவாயிலிருந்து விலக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சொந்தப் பணம் 5,50,000 ரூபாயில் 2,50,000 மனைவியின் நகைக் கடன். பழைய வண்டியை விற்றதும் மீட்டுவிடலாம் என்று பேச்சு. அதற்கு அப்போது 5,30,000 ரூபாய் வரை கேட்டார்கள். ஆனால் உரிமையாளர் விற்கவில்லை. “இதுலதான் பையனைப் படிக்க வெச்சேன், உள்ளூர்ல ஓடட்டும்” என்றார். அந்த இடத்தில் நான் வற்புறுத்தாமல் விட்டேன்.

பிப்ரவரி 12-ஆம் தேதி பணம் கைமாறியது. தமிழ்நாட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), முந்தைய கடனுக்காக ஆர்.சி.யில் ஏறியிருந்த எச்.பி. பதிவின் ரத்து, கர்நாடக வரி, மறுபதிவு, பர்மிட் என எல்லாம் முடிய மார்ச் 31 ஆயிற்று: நாற்பத்தேழு நாள், செலவு 62,000 ரூபாய். இடையில் மார்ச் 13-இல் பழைய வண்டியின் பர்மிட் முடிந்துவிட்டதால், பதினெட்டு நாட்கள் அவரிடம் இரண்டு லாரிகள் இருந்தும் ஒன்றுகூட மாநில எல்லையைத் தாண்ட முடியவில்லை. முந்தைய உரிமையாளரின் பர்மிட்டிலேயே ஓட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று புரோக்கர் சொன்னார். வழியில் ஏதாவது நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது உறுதியில்லை என்பதால் உரிமையாளர் மறுத்துவிட்டார். ஐந்து நடை போயிற்று. கம்பெனி அந்த நாட்களுக்கு வேறு வண்டியைப் பிடித்தது, அதை முழுமையாக விலக்க மே மாதம் வரை ஆனது.

2025 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை

மே மாதத்தில் கிருஷ்ணகிரிக்கு அருகே எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுத்தது. டி.இ.எஃப். அமைப்பில் கோளாறு வந்தால் இன்ஜின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்; பி.எஸ்.-6 வண்டிகளின் அமைப்பே அது. சாலையோர டிரம்மிலிருந்து பிடித்த மலிவான கரைசல் நாசிலில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. 32.5 சதவீத யூரியாவும் சுத்தமான நீரும் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கும் அவசியம் யாருக்கும் இல்லை. நாசில், சென்சார், கூலி என 38,000 ரூபாய், நான்கு நாள். லேப்டாப்பை இணைத்துப் பார்த்த மெக்கானிக், இதே கோளாறு முந்தைய உரிமையாளர் காலத்திலும் மூன்று முறை பதிவாகியிருப்பதைக் காட்டினார். வாங்குவதற்கு முன் 1,500 ரூபாய் கொடுத்து அந்தச் சோதனையைச் செய்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் இன்ஜின் சத்தத்தையும் டயரையும் சேஸிஸையும் பார்த்தோம், அதாவது பி.எஸ்.-3 வண்டியைப் பார்க்கும் முறையில் பி.எஸ்.-6 வண்டியைப் பார்த்தோம்.

பழைய வண்டி உள்ளூரில் மூன்று மாதம் ஓடியது. மொத்தமாக மிஞ்சியது 27,000 ரூபாய். நைஸ் ரோடு ஓரத்தில் தடை நேரம் முடியக் காத்திருந்தே பாதி நாள் கழிந்தது, அதற்கு நிலையான ஓட்டுநரும் அமையவில்லை. ஜூன் மாதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது 4,60,000 ரூபாய்க்கு விற்றார். பிப்ரவரியில் கேட்ட விலையைவிட 70,000 குறைவு. நகைக் கடன் வட்டி தனி.

ஒன்பது மாதத்தில் கோவை நடைகள் 66. மைலேஜ் நான் எழுதிய 5.9 வரவில்லை, 5.7 வந்தது. நின்ற நாட்கள் 19. பழுது 79,000 ரூபாய். ஏப்ரல் 1 முதல் கர்நாடகம் விற்பனை வரியை உயர்த்தியதால் டீசல் 91 ரூபாயைத் தொட்டது. எல்லாத் தவணைகளும் கட்டப்பட்டன. ஆகஸ்டில் ஒன்று பன்னிரண்டு நாள் தாமதம். தொப்பூர் இறக்கத்தைப் பற்றி ஓட்டுநர் இப்போது எதுவும் சொல்வதில்லை. கேட்டபோது, “எக்சாஸ்ட் பிரேக் போட்டா உக்காருதுண்ணே” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

செப்டம்பர் 22-இல் லாரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஜனவரியில் 25 லட்சம் சொன்ன சேஸிஸ், அதே அடிப்படை விலையில் 23,05,000 ரூபாய்க்கு வந்திருக்கும். அவசரப்பட்டோமோ என்று உரிமையாளர் கேட்டார். அந்தக் குறைப்புக்குப் பிறகும் புதிய வண்டியின் தவணை 49,000 ரூபாய்க்கு அருகில் இருந்திருக்கும், அதோடு மார்ச் முதல் செப்டம்பர் வரை கோவை நடையே இருந்திருக்காது என்று காட்டினேன். பழைய வண்டிகளின் சந்தை விலையும் அந்த வாரமே சரிந்தது வேறு விஷயம். அது விற்கும் நாளில்தான் அவரைத் தொடும்.

திரும்பச் செய்தால் எதை மாற்றுவோம்

என் கணக்கின் பிழை இங்கே வருகிறது. டிசம்பரில் உண்மை எண்களை வைத்து ஜனவரிக் கணக்கை மறுபடி போட்டேன். டீசலில் மாதம் 14,200, பழுதில் 8,400, நின்ற நாட்கள் குறைந்ததில் 2,800 என மாற்றத்தால் கிடைத்த நன்மை 25,400 ரூபாய். தவணை 29,510. வெறும் கணக்கில் மாற்றம் தோற்றுவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் இந்த ஒப்பீட்டில் எதிர்ப்பக்கம் நிற்பது மாதம் எட்டு முறை கோவை போய்வரும் பழைய லாரி. 2025 மார்ச்சுக்குப் பிறகு அப்படி ஒரு லாரி இல்லை. பர்மிட் முடிவதை டிசம்பரிலேயே கண்டுபிடித்தவன், ஜனவரியில் அதை மறந்து, வண்டி இதுவரை செய்ததோடு ஒப்பிட்டேன். இனி அது செய்யக்கூடியதோடு, அதாவது உள்ளூரில் கிடைத்த மாதம் 9,000 ரூபாயோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அன்று விடை சாதகமாக வந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. பாதகமாக வந்திருந்தால், இன்ஜின் வேலைக்கே பணம் போயிருக்கும்.

தேதிகளை ஓராண்டு முன்பே பார்த்திருந்தால் என்.ஓ.சி. வேலையை டிசம்பரில் தொடங்கி, பதினெட்டு நாள் இடைவெளியைத் தவிர்த்திருக்கலாம். பழைய வண்டியைப் புதிய கடனுக்குக் கையெழுத்திடும் அதே வாரத்தில் விற்றிருக்க வேண்டும். அதன்மீது இருந்த பாசத்தின் விலை 70,000 ரூபாயும் நான்கு மாத நகை வட்டியும். டி.இ.எஃப். இப்போது முத்திரையிட்ட கேனில் மட்டுமே வாங்கப்படுகிறது, கேனின் மூடியை ஓட்டுநரே உடைக்கிறார்.

ஐந்தாவது நோட்டு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அட்டையின் உட்புறத்தில் உரிமையாளர் தன் கையால் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறார்: கடைசித் தவணை 2029 மார்ச், என்.பி. 2033 ஆகஸ்ட்.